அம்மா சிரித்த பசு ஊர்வலம்

என் வயசுக்காரர்களே, போன மாதம் முழுக்க நீங்கள் ஒவ்வொருவராக உங்கள் சின்ன வயதுப் பெருமைகளைச் சொல்லித் தீர்த்துவிட்டீர்கள். ஒருத்தி பாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கினாளாம். ஒருத்தர் யாரோ மந்திரி கையால் பேனா வாங்கினாராம். நான் மாடாக இருந்தேன். மொன்ட்ரியாலில், ஒரு ஆகஸ்ட் மாதத்து வெயிலில், ஒன்பது வயதில், தலையில் வைக்கோல் கொம்பும் உதட்டுக்கு மேலே கண்மை மீசையுமாகப் பின்சந்து முழுக்க நடந்தேன். இதைப் பாதி வரைக்கும் நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வருடம் கேட்டால் எனக்கு வராது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதியிலேயே ஒத்துப்போகாமல் போய்விட்டது, உங்களுக்கே தெரியும். அப்பா டவுன்டவுனில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர். ஜான்-டலோன் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். தெருவிலிருந்து நேராக மாடிக்கு ஏறுகிற இரும்புப் படிக்கட்டு. பின்பக்கம் மரப் பால்கனி. அதற்குக் கீழே, இரண்டு தெரு வீடுகளின் முதுகும் பார்த்துக்கொள்கிற சந்து. அந்தச் சந்துக்குக் கோடையில் ஒரு வாசனை உண்டு. துவைத்த துணி, தக்காளிச் செடி, வெயிலில் இளகின தார், மூன்றும் கலந்தது. இப்போது அந்தச் சந்தில் கார் நிறுத்துகிறார்கள்.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் ஆறாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு அம்மா ஒரு மாதம் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்ததும், அப்பா கருகின ரவை உப்புமாவை எனக்கு ஊட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை வீட்டில் எல்லோரும் முட்டைமேல் நடப்பது மாதிரி நடந்தோம். எல்லோரும் என்றால் அப்பாவும் நானும்தான்.

தந்தி ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. கதவைத் திறந்தது நான். அப்பா பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு வந்து வாங்கிப் படித்தார். பிறகு கதவைத் தன் பின்னால் சாத்திவிட்டு இரும்புப் படியில் உட்கார்ந்தார். நுரை ஒழுகிப் பனியனில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னப்பா?"

"தாத்தா போயிட்டாரும்மா."

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. தஞ்சாவூரில் இருந்தவர். எனக்கு அவரிடம் இரண்டு விஷயம்தான் ஞாபகம்: மூக்குப்பொடி வாசனை, அப்புறம் என்னைத் தூக்கும்போது "எவ்ளோ கனம், கல்லைத் தின்னியா" என்று கேட்பது.

உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள். "யாருங்க வந்தது?"

"அட்ரஸ் மாறி வந்துட்டான்," என்றார் அப்பா.

பிறகு என்னைக் கிட்டே இழுத்து, காதில் சொன்னார். "பாப்பா பொறக்கிற வரைக்கும் அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா பாப்பா தங்காது. உன் வாயிலதான் இருக்கு. சரியா?"

அவர் பயத்தில் சொன்னார். அது இப்போது தெரிகிறது. அவருக்கு அன்றைக்கு முப்பத்து மூன்று வயது, என் கடைசி மகனை விடச் சின்னவர். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு பாப்பாவின் உயிரை என் வாய்க்குள் வைத்து மூடிவிட்டு அவர் எழுந்து போனார், நேராகக் குளியலறைக்கு. சாவுச் சேதி வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டுமே. என்னையும் கூப்பிட்டு, பச்சைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்.

அம்மா வந்து எட்டிப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன ரெண்டு பேருக்கும் திடீர்னு தலைமுழுக்கு? எண்ணெய் கூட வைக்கல."

"வேர்வை," என்றார் அப்பா.

"எனக்கும் வேர்வைம்மா," என்றேன். பல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா சிரித்துவிட்டுப் போனாள்.

தாத்தா மாதத்துக்கு இரண்டு நீலக் கடிதமாவது போடுவார். ஜூலை வந்தும் ஒன்றையும் காணோம். "தபால் ஸ்ட்ரைக்," என்றார் அப்பா. அந்த ஊரில் அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஸ்ட்ரைக் செய்வார்கள். அதனால் அம்மா நம்பினாள். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. ஸ்ட்ரைக் முடிந்தால் மொத்தமாகப் போகட்டும் என்று எழுதி ஒட்டி என்னிடம் கொடுப்பாள். நான் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவேன். தபால்பெட்டிக்கு முன்னால் தெப்பனர் கடை இருக்கும். பால், சிகரெட், மிட்டாய் விற்கிற முக்குக் கடைக்கு அங்கே அதுதான் பெயர். அதன் வாசலில் அப்பா நின்றுகொண்டிருப்பார். கடிதத்தை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தருவார். அந்தக் கோடையில் தின்ற மிட்டாயெல்லாம் எனக்கு அந்த மாதிரி வந்ததுதான்.

இப்போது கீழ்வீட்டுக்காரர்களைச் சொல்ல வேண்டும். அவர்கள் நேபாளத்துக்காரர்கள், பக்தபூர் என்கிற பழைய ஊர். கீழ்வீட்டு மாமா யூனிவர்சிட்டியில் மரங்களைப் பற்றிப் படிக்க வந்தவர். கூடவே அவர் மனைவி கீழ்வீட்டு அக்கா, அவர்களுடைய மகள். மகளுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம், ஒரே வகுப்பு. ஏன் ஒரே வகுப்பு என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள். எங்கள் இரண்டு பேரையும் பிரெஞ்சு வராததற்காகச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தார்கள். ஒரு வருடத்தில் பிரெஞ்சு வந்துவிட்டது. சண்டை போடுகிற பிரெஞ்சுதான் முதலில் வந்தது.

அம்மாவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் வராது. கீழ்வீட்டு அக்காவுக்கு அவர்கள் பாஷை தவிர ஒன்றும் வராது. அம்மா தமிழில் சொல்வாள், நான் அதைப் பிரெஞ்சில் என் சிநேகிதிக்குச் சொல்வேன், அவள் தன் அம்மாவுக்கு அவர்கள் பாஷையில் சொல்வாள். பதிலும் அதே வழியில் மாடி ஏறி வரும். இரண்டு பெண்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு குடும்பத்தின் பேச்சை நடத்திக்கொண்டிருந்தோம். வழியில் கொஞ்சம் கூட்டிக் குறைத்தும் விடுவோம். "உங்கள் ரசத்தில் காரம் ஜாஸ்தி" என்று கீழேயிருந்து வந்தால், நான் "ரசம் ரொம்ப நல்லாருந்துச்சாம்" என்று மாற்றிவிடுவேன். அம்மா இன்னும் ஒரு கிண்ணம் காரமாகக் கொடுத்தனுப்புவாள். பாவம் கீழ்வீட்டு அக்கா.

ஒருநாள் எங்களை ஊருக்கு நடுவில் இருக்கிற மலைக்கு அப்பா அழைத்துப் போனார். கீழ்வீட்டு அக்கா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்று கேட்டார். "இதுதான்," என்றோம். ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, எங்கள் பக்தபூர் வீட்டு மொட்டைமாடியில் மழை விட்ட காலையில் நின்றால் வெள்ளை மலைகள் வரிசையாகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவோம், என்றார். பிறகு, அந்த மலை வருத்தப்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

கீழ்வீட்டு மாமா தலை முதல் கால் வரை வெள்ளை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பனிக்காலத்தில் பனியோடு பனியாக, முகம் மட்டும் தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். எதிர்வீட்டுக் கிழவர் ரொம்ப நாள் அவரை ரொட்டிக் கடைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாமாவுடைய அம்மா பிப்ரவரியில் ஊரில் இறந்துபோயிருந்தார். போக முடியவில்லை. மகன் ஒரு வருடம் வெள்ளைதான் உடுத்த வேண்டும், தோல் செருப்பு கூடாது. பாலும் தொடக் கூடாது. என் சிநேகிதிதான் சொன்னாள்: "அம்மா செத்தா ஒரு வருஷம் பால் இல்லை. அப்பா செத்தா தயிர் இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அந்தக் கோடையில் வேறு எதுவும் இறங்கவில்லை. மாவடு இல்லாத குறைக்குச் சந்தையில் வாங்கின வெள்ளரிப்பிஞ்சை உப்பில் போட்டு வைத்துக்கொண்டு, சப்புக்கொட்டிச் சாப்பிடுவாள். ஒவ்வொரு வாய்க்கும் எனக்குத் தாத்தா எங்கேயோ தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அம்மா தயிர் உறை ஊற்றுவது ஒரு கல்சட்டியில். கல்யாணமாகி வரும்போது பெட்டிக்குள் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தது. நான் நினைத்தது தயிரைக் கொட்டிவிட்டு, உறைமோருக்குக் கூட மிச்சம் வைக்காமல் கழுவிவிடலாம் என்றுதான். மோர் இல்லாவிட்டால் தயிர் ஏது. அப்போதெல்லாம் நம்ம தயிர் கடையில் கிடைக்காது. ஒரு மத்தியானம் அம்மா படுத்திருக்கும்போது சட்டியைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கல்சட்டி என்ன கனம் என்று உங்களுக்குத் தெரியும். பால்கனிக் கம்பியில் வைத்துச் சாய்த்தேன். தயிர் முதலில் போனது. சட்டி பின்னாலேயே போனது.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். கீழே எட்டிப் பார்த்தாள். என்னை அடிக்கக்கூட இல்லை. பால்கனியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பா வாங்கிக் குடுத்ததுடி," என்றாள். "கடைகடையா ஏறி, தட்டித் தட்டிப் பாத்து வாங்கினாரு. அப்பா... எங்கப்பா வாங்கினதுடி." பெரிய குரலில் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு.

கீழ்வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், ஓடி மாடியேறி வந்தார். அம்மா "அப்பா, அப்பா" என்று அழுவதைக் கேட்டார். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும். நாள் முழுக்க என் வாயில் கேட்கிற வார்த்தை. அம்மாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினார். ஒரு சட்டிக்காக இவ்வளவு நேரம் தடவிக்கொடுக்கிறாரே என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

விஷயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்பாவுக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்திருக்கிறது. படிக்கட்டில் ஒருநாள் கீழ்வீட்டு மாமாவிடம் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார், என் மாமனார் தவறிவிட்டார் என்று. அது ரகசியம் என்று சொல்ல மறந்துவிட்டார். ஊரே பார்க்க வருடம் முழுக்க வெள்ளை உடுத்துகிற மனிதருக்கு, ஒரு வீட்டில் சாவு ரகசியமாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்? அவர் தன் மனைவியிடம் சொல்லிவிட்டார். கீழ்வீட்டு அக்கா அன்று பால்கனியில் தடவிக்கொடுத்தது சட்டிக்காக இல்லை.

அதோடு மகளுக்குத் தயிர் விலக்கு கிடையாதாம், மகனுக்கு மட்டும்தானாம். இதையும் பிறகுதான் என் சிநேகிதி விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். போங்கள்.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு கடிதம் எழுதினாள். என்னை வைத்துக்கொண்டே சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினாள். "உங்க பேத்தி கல்சட்டியைப் போட்டு உடைச்சுட்டா. யாராவது வந்தா இன்னொண்ணு அனுப்புங்க. பாப்பாவுக்கு நீங்கதான் பேர் வைக்கணும். பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு எழுதி அனுப்புங்க. நீங்க எழுதற வரைக்கும் நான் வேற பேர் வைக்க மாட்டேன்."

தெப்பனர் வாசலில் அப்பாவிடம் அதைக் கொடுத்தபோது மிட்டாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பௌர்ணமி. நம்ம ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமிதான். கீழ்வீட்டில் ஒன்பது வகைப் பயறு முளைகட்டி ஒரு குழம்பு வைத்தார்கள். ஒன்பதையும் சேர்க்க ஜான்-டலோன் சந்தையில் மூன்று நாள் அலைந்தார்களாம். ஒன்பதாவதாக இத்தாலிக்காரக் கடையில் கிடைத்த ஏதோ பெரிய சிவப்பு அவரை. என் கையிலும் அம்மா கையிலும் மஞ்சள் நூல் கட்டினார்கள். அப்போதுதான் கீழ்வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

மறுநாள் காய் ஜாத்ரா. காய் என்றால் பசு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எமன் வீட்டு வாசல் திறக்கும். அந்த வருடம் செத்தவர்கள் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து உள்ளே போவார்கள். அதனால் சாவு விழுந்த வீட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பசு ஊர்வலம் போக வேண்டும். பசு கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் பசு வேஷம் போட்டு அனுப்புவார்கள். ஊரில் பையன்கள்தான் போவார்கள், இங்கே பையனுக்கு எங்கே போவது. என் மகள் அவள் பாட்டிக்காகப் போகிறாள். நீ உன் தாத்தாவுக்காகப் போ, என்றார்.

"மீசை எதுக்கு?" என்று கேட்டேன். கண்மை டப்பா ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

சிரிக்கத்தான், என்றார். முன்பு ஒரு ராணிக்குப் பிள்ளை செத்துப்போயிற்று. ராணி அழுகையை நிறுத்தவே இல்லை. ராஜா ஊரையே கூப்பிட்டு, யாராவது இவளைச் சிரிக்க வையுங்கள் என்றார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கோணங்கி வேஷம் போட்டுக்கொண்டு அரண்மனை முன்னால் வந்தார்கள். இத்தனை வீட்டில் சாவா என்று பார்த்தாள் ராணி, அப்புறம் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து பசு போகிற நாளில் யாரையும் கேலி பண்ணலாம், சிரித்தே ஆக வேண்டும். "உன் அம்மா ஒரே ஒரு நாள்தான் அழுதாள்," என்றார். "எல்லாத்தையும் உள்ளேயே வெச்சிருக்கா. அவளைச் சிரிக்க வெக்கணும்."

நான் சிநேகிதியைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய் ரகசியத்தைச் சொன்னேன். அம்மாவுக்குத் தாத்தா போனதே தெரியாது, சொன்னால் பாப்பா போய்விடும், உன் அம்மாகிட்ட மூச்சு விடாதே, பேச்சு மாடிக்கு வந்துடும். அவள் சத்தியம் செய்தாள். பிறகு யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ உன் தாத்தாவுக்கு யார் பசு அனுப்புவாங்க?"

தாத்தா மூக்குப்பொடி டப்பாவோடு ஒரு சாத்தின கதவுக்கு முன்னால் நிற்பது மாதிரி தெரிந்தது. மறுநாள் மத்தியானம் கீழ்வீட்டுக்குப் போய் மீசைக்கு முகத்தை நீட்டினேன்.

ஒரு நீளக் கம்பில் ஊரில் இறந்த கீழ்வீட்டுப் பாட்டியின் புடவையைச் சுற்றி, போட்டோ கட்டி, மேலே ஒரு குடை, குடைக்கு மேல் வைக்கோல் கொம்பு. கம்பு வேறொன்றுமில்லை, பனிச்சறுக்குக் கட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டினது. எங்கள் தலையிலும் கொம்பு. என் கொம்புக்குள் கீழ்வீட்டு அக்கா ஒரு காகிதம் செருகச் சொன்னார், தாத்தா பேர் எழுதி. எனக்குப் பேர் முழுசாக எழுத வரவில்லை. "தாத்தா" என்று எழுதிச் செருகினேன். உடைந்த ஹாக்கி மட்டையை அறுத்து ஆளுக்கு ஒரு ஜோடிக் கோல் கொடுத்தார் கீழ்வீட்டு மாமா. அவர் வெள்ளை உடுப்பில் பாத்திரத்தை மேளமாகத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் கோலை அடித்துக்கொண்டு குதித்துக் குதித்துப் பின்னால் போனோம். நம்ம கோலாட்டம்தான், தாளம் மட்டும் கொஞ்சம் நொண்டும்.

கீழ்வீட்டு அக்கா புருஷனின் கோட்டை மாட்டி, தலையணையைத் தொப்பையாக வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி வந்தார். அவர் மாதாமாதம் வந்து குழாயைத் திறந்து பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து எங்கள் சமையல் வாசனையை மோந்துவிட்டுப் போவார். அக்கா அதே நடையில் சந்தில் இருந்த ஒவ்வொரு வேலியையும் தட்டி, என் கொம்பை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

சத்தம் கேட்டு அம்மா பால்கனிக்கு வந்தாள். முதலில் புரியவில்லை. பிறகு வீட்டுக்காரரின் நடையை அடையாளம் கண்டுகொண்டாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏய் மாடு, எத்தனை படி கறப்பே?"

"மீசை மாடு கறக்காதும்மா."

"மூஞ்சியைப் பாரு. யாருக்குடி இந்த வேஷம்?"

நான் கோலை இன்னும் பலமாக அடித்தேன்.

பசுவுக்கு வழியில் எல்லோரும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று முறை. அது அங்கே யாருக்கும் தெரியாது, ஆனாலும் கொடுத்தார்கள். சந்தின் கடைசி வீட்டு இத்தாலிக்கார அம்மா ஏப்ரனில் தக்காளி கொண்டுவந்து எங்கள் கையில் வைத்தாள். எதிர்வீட்டுக் கிழவர் தொப்பியைத் தூக்கி, "போன்ஜூர், மதாம்," என்றார் என்னைப் பார்த்து. நான் மாட்டுக் குரலில் "மெர்சி" என்று நன்றி சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போது அப்பா சந்து முனையில் வந்தார். வெள்ளிக்கிழமை, சீக்கிரம் விட்டிருந்தார்கள். கோட்டு, டை, கையில் பெட்டி. கீழ்வீட்டு மாமா மேளத்தை நிறுத்தாமலே அவரிடம் போய் ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். என் கொம்பைப் பார்த்தார். மேலே பால்கனியைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாத ஒரு மனிதரின் முகத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நிறுத்தினால் அம்மா ஏன் என்று கேட்பாள். நிறுத்தாவிட்டாலும்... அவர் பெட்டியை வேலி ஓரமாக வைத்தார். குனிந்து ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார். வெறுங்காலோடு எனக்குப் பின்னால் நடந்து வந்தார்.

"ஐயோ, உங்கப்பாவைப் பாருடி," என்று அம்மா மேலே இருந்து கத்தினாள். "டையும் கோட்டுமா மாட்டுக்குப் பின்னாடி போறாரு. போங்க, போங்க, வாலைப் பிடிச்சுக்கோங்க."

அப்பா நிமிரவில்லை. அவர் மூக்கை உறிஞ்சுவது எனக்கு மட்டும் கேட்டது.

பால்கனிக்கு நேர் கீழே வந்ததும் கீழ்வீட்டு அக்கா நின்றார். தலையணைத் தொப்பையோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, கை இரண்டையும் விரித்து, நீளமாக ஏதோ சொன்னார். அவர் முகத்தில் கேலி போய்விட்டிருந்தது. என் சிநேகிதி கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், பிரெஞ்சில் சொன்னாள்: "உன் பெண் உன் அப்பாவுக்காக நல்லா நடந்தா. அவர் போய்ச் சேர்ந்திருப்பார். நீ சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்கும்."

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்து வந்த தண்ணீர்.

அப்பா என் பின்னால் நின்றார். அவருக்கும் பிரெஞ்சு அவ்வளவாக வராது. ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து என்னவென்று தெரிந்துகொண்டிருப்பார். என் தோளில் கை வைத்தார்.

"உங்களுக்கு நல்லபடியா பாப்பா பொறக்கணும்னு சொல்றாங்கம்மா."

அம்மா பால்கனிக் கம்பிக்கு மேலே குனிந்து, கீழ்வீட்டு அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவரும் கூப்பினார்.

செப்டம்பர் கடைசியில் தம்பி பிறந்தான். நல்லபடியாக, கறுகறுவென்று முடியோடு. ஆஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள். அம்மா, "எங்கப்பா கடிதம் வரட்டும்," என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் அதேதான். "ஸ்ட்ரைக் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு? ஒரு போன் புக் பண்ணிப் பேசுங்க," என்றாள். அதற்கு மேல் அப்பாவுக்குப் பொய் கிடைக்கவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். நான் வெளியே நின்றேன். அழுகைச் சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

தம்பி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா எழுதின கடிதமெல்லாம் கட்டாக அவளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்பா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"அந்தத் தலைமுழுக்கு அன்னிக்கா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"அந்த மாடு?"

நான் தம்பியின் போர்வையை இழுத்து விட்டேன். அம்மாவுக்கு அதுவே போதும்.

"எல்லாரும் எங்கப்பாவுக்குப் பின்னாடி நடந்திருக்கீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "நீ நடந்தே. அவர் செருப்பைக் கழட்டிட்டு நடந்தார். யாரோ இத்தாலிக்காரி, அவகூட ஓடிவந்து கையில குடுத்தா. பெத்த பொண்ணு நான் ஒருத்திதான் மேல நின்னு கெக்கெக்கேன்னு சிரிச்சிருக்கேன்."

அப்பா, "உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டினாள். அவர் நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்கு அதுவரை தெரியாது என்பதும், அம்மா சொன்னதும் அன்றைக்கே கீழே தெரிந்துவிட்டது, என் சிநேகிதி வழியாக. கீழ்வீட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து, பிள்ளை பெற்றவர்களுக்கு அவர்கள் ஊரில் கொடுக்கிற ஓமக் கஷாயத்தை நெய் விட்டுக் காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிநேகிதி ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். நான் ஒரு வார்த்தை விடாமல், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், தமிழில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் சொன்னதில்லை.

"சிரிக்கிறதுக்குத்தான் அந்த நாளாம்மா. வீட்டுல இருக்கிறவங்க சிரிச்சாத்தான் போனவங்க பயமில்லாம உள்ளே போவாங்களாம். அன்னிக்கு சந்துல நடந்த எங்க யாராலயும் அது முடியலயாம். நீங்க ஒருத்தர்தான் மனசாரச் சிரிச்சீங்களாம். தாத்தாவுக்கு நீங்கதான் பெரிய காரியம் பண்ணினீங்களாம்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அவங்க சொல்றதா, நீயா சொல்றதா?"

"அவங்க சொல்றதுதாம்மா."

அம்மா கீழ்வீட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் அதற்கும் கூட்டிக் குறைக்கிற இதே வாய்தான் வேண்டும்.

"சரி," என்றாள். கிண்ணத்தை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தாள்.

சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கீழ்வீட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.